ரயர் கணக்கும் நான் விட்ட பிழையும்



இரண்டு கிழமைக்கு முன்னர் நான் ஒரு கார்ச் சில்லுக்குப் பக்கத்தில் கொப்பியும் பேனாவுமாகக் குந்தியிருக்கும் படத்தை என் பேத்தி போட்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டுப் பலர் தொலைபேசி எடுத்தார்கள். "மாஸ்ரர், ஸ்காபரோவில கராஜ் தொடங்கிட்டியளோ?" என்று ஒருவர் பகிடி விட்டார். நடந்ததை எழுதலாம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளம். ஆனால் சிறிய கார் வைத்திருப்பவர்களுக்கும், அவர்களுக்குப் புத்தி சொல்லும் என்னைப் போன்ற கிழவர்களுக்கும் உதவும்.

முதலில் ஒரு பழைய கதை. நான் ஓய்வு பெற்று 2012 இல் மகளிடம் கனடா வந்தேன். 2013 குளிர்காலம் தொடங்க முன்னர் மருமகன் "மாமா, இந்த முறை வின்ரர் ரயர் போடவேணும்" என்றார். விலையைக் கேட்டேன். அப்போது வீட்டுக்கடன், இரண்டு பிள்ளைகளின் செலவு, என் மனைவியின் பல் வைத்தியம் எல்லாம் ஒன்றாக வந்திருந்தன. நான் ரயரைக் குனிந்து பார்த்தேன். அதில் ஓல் சீசன் என்று எழுதியிருந்தது. "எல்லாப் பருவத்துக்கும் என்று போட்டிருக்கிறான். குளிர்காலம் பருவம் இல்லையோ?" என்று கேட்டேன். 34 வருடம் கணிதம் படிப்பித்தவன் அல்லவா, ஒரு கேள்வியால் வகுப்பை அடக்குகிற பழக்கம் போகாது. மருமகன் ஒன்றும் பேசவில்லை. ரயரும் வாங்கவில்லை.

அந்த டிசம்பர் முதல் கிழமை, மோர்னிங்சைட் வீதியில் ஹைலன்ட் கிறீக் ஓடைப் பக்கம் இறங்கும் சரிவில் கார் நிற்கவில்லை. மருமகன் பிறேக்கை மிதித்தபடியே இருந்தார். சில்லு சுற்றவில்லை, ஆனால் கார் வழுக்கிக்கொண்டே போனது. சிவப்பு விளக்கைத் தாண்டி நடுச்சந்தியில் போய்க் குறுக்காக நின்றது. வலப்பக்கத்தால் வந்த பார ஊர்தி ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஒரு முழம் இடைவெளியில் கடந்து போனது. பின் சீற்றில் என்னோடு பேத்தி இருந்தாள். அவளுக்கு அப்போது 11 வயது. வீடு வரும்வரை ஒருவரும் பேசவில்லை. அடுத்த நாளே மருமகன் வின்ரர் ரயர் போட்டார். அந்த மாதக் கடைசியில் ரொறன்ரோவில் பெரிய உறைபனி மழை வந்து ஊரே இருளில் கிடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது எங்களிடம் நல்ல ரயர் இருந்தது. ஆனால் "நீங்கள் சொன்னதாலதான்" என்று மருமகன் ஒருநாளும் என்னைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இப்போது அந்தப் பேத்தி தாதி. பாரி நகரத்தில் ஒரு வைத்தியசாலையில் இந்த வருடம்தான் வேலை கிடைத்தது. அங்கே அறை எடுத்து இருக்கிறாள். லீவு நாளில் வீட்டுக்கு வருவாள். நெடுஞ்சாலை 400 இல் சுமார் 100 கிலோமீற்றர். அந்தப் பாதை வெயில் காலத்தில் ஒரு மணித்தியாலம். குளிர் காலத்தில் வேறு கதை. ஜோர்ஜியன் குடாவின் தண்ணீர் உறைய முன்னர் அதன்மேல் கடுங்குளிர் காற்று அடித்தால், காற்று அந்த ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டும். ஒடுக்கமான பட்டைபோல விழும். ஓரிடத்தில் வெயில் எறிக்கும், ஐந்து கிலோமீற்றர் தள்ளி முன்னால் போகும் கார் தெரியாது. இரவு வேலை முடித்துக் காலை ஏழு மணிக்கு அந்தப் பாதையில் ஏறும் பிள்ளையை நினைத்து நித்திரை வராத ஆட்கள் எங்கள் வீட்டில் நான்கு பேர்.

அவள் வாங்கியது 2016 ஆம் ஆண்டு ஹொண்டா ஃபிற். பழைய கார், நல்ல கார். ஒக்ரோபரில் மருமகன் என்னிடம் வந்து, "மாமா, சில்லும் ரயரும் என்ன சைஸ் எண்டு நீங்களே கணக்குப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார். 2013 ஐ நினைத்துக் கேட்கிறாரோ, நம்பிக் கேட்கிறாரோ தெரியவில்லை. நான் கொப்பியை எடுத்தேன்.

முதலில், ஏன் வின்ரர் ரயர்? சாதாரண ரயரின் றப்பர் ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே குளிர் போகப்போக இறுகிவிடும். இறுகிய றப்பர் வீதியைப் பிடிக்காது. வின்ரர் ரயரின் றப்பர் கடுங்குளிரிலும் மெதுமையாக இருக்கும்படி செய்யப்பட்டது. அதன் முகத்தில் கத்தியால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். பக்கச் சுவரில் மூன்று முகடு உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துளிப் பூவும் இருக்கிறதா என்று பாருங்கள். எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம். எங்கள் ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் போட்டிருந்தால் இன்சூரன்ஸ்காரர் கழிவு தரவேண்டும் என்ற விதி 2016 இலிருந்து இருக்கிறது. கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் கிடைக்காமல் போகலாம்.

இனிக் கணக்கு. பேத்தியின் காரில் இருந்த ரயரில் 185/55R16 83H என்று இருந்தது. 185 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 55 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை வீதம் என்பது. 16 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். மில்லிமீற்றர், வீதம், அங்குலம் மூன்றையும் ஒரே வரியில் எழுதியவனை என் வகுப்பில் வாங்கின்மேல் ஏற்றியிருப்பேன். போகட்டும்.

185 இன் 55 வீதம் 101.75. மேலும் கீழுமாக இரண்டு சுவர், ஆகவே 203.5. 16 அங்குலம் 406.4 மில்லிமீற்றர். கூட்டினால் சில்லின் முழு விட்டம் 609.9 மில்லிமீற்றர். றிம்மை மாற்றினாலும் இந்த விட்டம் கிட்டத்தட்ட அப்படியே இருக்க வேண்டும். பொதுவாக 3 வீதத்துக்குள் நிற்கப் பார்ப்பார்கள். ஏனென்றால் வேகமானி சில்லு எத்தனை தரம் சுற்றுகிறது என்பதை வைத்தே வேகத்தைச் சொல்கிறது. பெரிய சில்லு போட்டால் அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். வளைக்கும்போது உள்ளே உரசவும் கூடும்.

அந்த நேரம் மருமகனின் ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர், தன் பழைய கொரோல்லாவின் வின்ரர் ரயர்கள் றிம்மோடு கிடக்கிறது, சும்மா கொண்டுபோங்கள் என்றார். 205/55R16. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் கணக்குப் பார்த்தேன். 225.5 உம் 406.4 உம், மொத்தம் 631.9. பேத்தியின் சில்லைவிட 22 மில்லிமீற்றர் கூட, 3.6 வீதம். வேகமானி 100 என்று காட்டும்போது கார் 103.6 இல் ஓடும். அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் கொரோல்லா றிம்மில் ஐந்து துளை. ஃபிற்றில் நான்கு. இரண்டுக்கும் துளைகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர்தான், ஆனால் ஐந்து துளை நான்கு ஆணியில் ஏறாது. "சும்மா கிடைக்கிறது எல்லாம் பொருந்தாது" என்று மனைவி ஒரு வார்த்தையில் முடித்துவிட்டா.

16 அங்குலத்தில் இருந்து 15 அங்குல றிம்முக்கு இறங்கலாம் என்று முடிவு செய்தோம். காரணம் இருக்கிறது. றிம் சிறிதானால் ரயரின் பக்கச் சுவர் உயரும். குளிர்காலம் முடிய இந்த ஊர் வீதிகளில் வரும் கிடங்குகளில் விழும்போது உயர்ந்த சுவர் அடியைத் தாங்கும், றிம் நெளியாது. விலையும் குறைவு. ஆனால் எவ்வளவும் இறங்கலாம் என்று இல்லை, உள்ளே பிறேக் இருக்கிறது. அதே வருட அதே காருக்குக் கம்பனியே போட்டு விற்ற மிகச் சிறிய றிம் எதுவோ, அதற்குக் கீழே போகாதீர்கள். ஃபிற்றின் விலை குறைந்த வகை 15 அங்குலச் சில்லோடுதான் வந்தது.

15 இல் இரண்டு அளவு கையில் இருந்தது. 185/60R15 என்றால் விட்டம் 603, வித்தியாசம் 6.9 மில்லிமீற்றர், 1.1 வீதம். 175/65R15 என்றால் 608.5, வித்தியாசம் வெறும் 1.4 மில்லிமீற்றர். ஒடுக்கமான ரயர் சேறுபோன்ற பனியை வெட்டிக்கொண்டு போகும் என்ற நன்மையும் உண்டு. நான் இரண்டாவதில் காதல் கொண்டுவிட்டேன். 1.4 மில்லிமீற்றர்! பேத்திக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள், "அம்மப்பா, கம்பனி இதே காருக்கு எதைப் போட்டது?" என்று கேட்டாள். 185/60R15. "அப்ப அதையே போடுவம். 100 எண்டு காட்டேக்க 98.9 இல போனால் எனக்கு ஒண்டும் இல்லை." சரிதான். கம்பனி பரீட்சித்துப் பார்த்த விடை இருக்கும்போது நான் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

பாரம் தாங்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். 83 என்றால் ஒரு ரயர் 487 கிலோ தாங்கும். நாங்கள் வாங்கியது 84, அதாவது 500 கிலோ. இந்த எண் பழையதைவிடக் குறையக்கூடாது. வேக எழுத்து வின்ரர் ரயரில் குறைவாக இருக்கலாம். டி என்றால் 190 கிலோமீற்றர், அதற்குமேல் என் பேத்தி போனால் ரயர் எங்கள் கவலை அல்ல.

"முன் சில்லுதானே காரை இழுக்குது, இரண்டு வாங்கினால் காணாதோ?" என்று மனைவி கேட்டா. காணாது. முன்னுக்கு மட்டும் நல்ல ரயர் போட்டால், வளைவில் பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவிடும். நான்கும் போட வேண்டும். வாங்கும்போது பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2325 என்றால் 2025 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை செய்தது. ரயர் முகத்தின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் கிட்டத் தேய்ந்துவிட்டால் பனிவீதிக்கு அது உதவாது.

புதிதாக நான்கு இரும்பு றிம் வாங்கினோம். ரயருக்கென்று தனி றிம் இருந்தால் வருடம் இரண்டு தரம் ரயரைக் கழற்றி மாட்டி அதன் விளிம்பைக் காயப்படுத்தத் தேவையில்லை. நான்கு துளை, 100 மில்லிமீற்றர் வட்டம், நடுத்துளை காரின் 56.1 மில்லிமீற்றர் மையத்தில் இருக்க வேண்டும், றிம் உள்ளே வெளியே எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற அளவும் சரி. எல்லாவற்றையும் கொப்பியில் ஒவ்வொன்றாகச் சரி போட்டேன். கடையில் ரயரை றிம்மில் ஏற்றி, சமநிலை பார்த்துத் தந்தார்கள். காரில் மாட்டுவதற்கும் காசு கேட்டதால் "அதை நாங்கள் செய்வம்" என்றேன்.

நவம்பர் முதல் சனிக்கிழமை வீட்டு றைவ்வேயில் மருமகனும் நானும் மாட்டினோம். இறுக்கத்தை அளந்து காட்டும் றென்ஞ் இரவல் வாங்கி, புத்தகத்தில் சொன்னபடி 108 நியூற்றன் மீற்றர். குறுக்குக் குறுக்காக இறுக்கினோம். அந்த நேரம் எடுத்த படம்தான் நீங்கள் பார்த்தது. பழைய சில்லில் இருந்த அதே 16 நட்டையும் திரும்பப் போட்டோம்.

செவ்வாய்க்கிழமை காலை வேலை முடிந்து பேத்தி எடுத்தாள். "அம்மப்பா, ஸ்ரியறிங் நடுங்குது. மெதுவாப் போகேக்க டொக் டொக் எண்டு ஒரு சத்தம்." நான் உடனே சொன்னேன்: "அது சமநிலை பிழைச்சிருக்கும். ஒண்டும் இல்லை பிள்ளை. ஆறுதலா ஓட்டிக்கொண்டு வீட்ட வா, பாப்பம்."

சொல்லி முடித்ததும் பார்த்தேன், மருமகன் சமையலறை வாசலில் நின்றார். முகம் எனக்குத் தெரிந்த முகம். 2013 இல் ரயர் விலை கேட்டபோது இருந்த அதே முகம். ஆனால் இந்த முறை வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார். "அம்மா, காரை அசைக்காத. வைத்தியசாலைப் பார்க்கிங்கிலயே விடு. நான் வாறன்." பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, குறை நினைக்காதேங்கோ. எனக்கு அது சரியாப் படேல்லை" என்றார்.

தனக்குத் தெரிந்த கராஜ்காரர் ஒருவருக்கு எடுத்தார். முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். அவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "அண்ணை, நட்டு பழசோ புதுசோ?"

நானும் கூடப் போனேன். முன் இடப்பக்கச் சில்லில் இரண்டு நட்டு விரலால் திரும்பியது. நான் என் விரலாலேயே திருப்பிப் பார்த்தேன். அந்தக் காரில்தான் பிள்ளையை 400 நெடுஞ்சாலையில் ஏறி வா என்று சொல்லியிருந்தேன். கொஞ்ச நேரம் எனக்குக் கை நடுங்கியது. குளிர் என்று சொன்னேன்.

கராஜ்காரர் பின்னேரம் வந்து, ஒரு பழைய நட்டையும் ஒரு புது நட்டையும் என் உள்ளங்கையில் வைத்தார். ஹொண்டாவின் சொந்த றிம்மில் நட்டு போய் இருக்கும் குழி கிண்ணம்போல உருண்டையானது. அதனால் நட்டின் முனையும் உருண்டை. வெளியில் வாங்கும் றிம்களில் பெரும்பாலும் அந்தக் குழி கூம்பு. அதற்குக் கூம்பு முனை நட்டு வேண்டும். புரி இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே உருண்டை நட்டும் ஏறும், இறுகும், றென்ஞ்சும் சரியான அளவைக் காட்டும். ஆனால் அது முழுதாக அமராது. ஓட ஓடக் கழரும். "மாஸ்ரர், உருண்டை கூம்புக்குள்ள இருந்தால் சும்மா ஒரு வளையத்திலதான் முட்டும். முழுக்க ஒட்டாது. பாத்தால் விளங்கும்" என்றார். அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர் என்று பிறகு பேசும்போது சொன்னார்.

கூம்புக்குள் கோளம் ஒரு வட்டத்தில் மட்டும் தொடும். இதை நான் எத்தனை வருடம் உயர்தர வகுப்பில் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். கூம்பின் நிறம் ஒரு வெண்கட்டி, கோளத்தின் நிறம் இன்னொன்று, தொடும் வட்டம் சிவப்பு. அதே படம் 16 தரம் என் கையால் போனது. எனக்குத் தெரியவில்லை. நான் 1.4 மில்லிமீற்றரைப் பிடித்துக்கொண்டு மகிழ்ந்திருந்தேன்.

பழுதான ஒரு றிம்மை மாற்றி, 16 கூம்பு நட்டு வாங்கிப் போட்டார். நடுத்துளை பெரிதாக இருந்த இடத்துக்கு வளையம் வைத்தார். "100 கிலோமீற்றர் ஓடினாப் பிறகு திரும்பவும் இறுக்கிப் பாக்கவேணும், மறக்காதேங்கோ" என்றார். அதையும் நாங்கள் செய்திருக்கவில்லை.

பாரியிலிருந்து திரும்பும்போது மருமகனும் நானும் மட்டும். வோன் தாண்டும்வரை பேசவில்லை. பிறகு நான்தான் சொன்னேன், "அண்டைக்கு ஓல் சீசன் காணும் எண்டு சொன்னதும் நான்தான்." அவர் வீதியைப் பார்த்தபடியே, "அண்டைக்கு நான் உங்களுக்கு மறுத்துச் சொல்லியிருக்கவேணும் மாமா. மரியாதை எண்டு பேசாமல் இருந்திட்டன். அது என்ர பிழை" என்றார். நான் இல்லை என்றேன். அவர் ஆம் என்றார். இருவரும் அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். வாத்தியார் சொன்னால் சரி என்று ஊரும் வீடும் எங்களுக்கு ஒரு பெரிய மரியாதை தருகிறது. அதை வாங்கி வாங்கிப் பழகிவிட்டோம். தெரிந்ததைச் சொல்லும் அதே குரலில் தெரியாததையும் சொல்லிவிடுகிறோம். கேட்பவர்களுக்கு வித்தியாசம் விளங்காது. வகுப்பில் பிழை விட்டால் அடுத்த நாள் அழித்து எழுதலாம். வீதியில் அது முடியாது.

ஆகவே சிறிய கார் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு: கார்க் கதவைத் திறந்தால் உள் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பாருங்கள், சரியான அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். விட்டம், பாரம், துளை, நடுத்துளை எல்லாம் பாருங்கள். றிம் மாற்றினால் நட்டின் முனையையும் பாருங்கள். 100 கிலோமீற்றர் ஓடியதும் திரும்ப இறுக்குங்கள். ஏறக்குறைய 6 பாகை குளிர் கூட ஒரு பி.எஸ்.ஐ. காற்று இறங்கும், ஆகவே மாதம் ஒருமுறை அளவுங்கள். நடுங்கினாலோ சத்தம் கேட்டாலோ யார் என்ன சொன்னாலும் ஓட்டாதீர்கள். அம்மப்பா சொன்னாலும்.

என் பழைய மாணவர்களுக்கு ஒன்று. வகுப்பில் நான் பிழையாகச் சொல்லி, உங்களுக்குப் பிழை என்று தெரிந்தும் பயத்தில் பேசாமல் இருந்த நாள் ஏதும் இருந்தால், இப்போது எழுதுங்கள். கோபிக்க மாட்டேன்.

நேற்றிரவு பாரிப் பக்கம் நல்ல பனி. இன்று காலை 8.40 க்குப் பேத்தியின் செய்தி வந்தது: "வீட்ட வந்து கொண்டிருக்கிறன், கிங் சிற்றியில தேத்தண்ணிக்கு நிப்பாட்டியிருக்கிறன். நட்டு எல்லாம் இறுக்கம், நானே பாத்தன்." மருமகனுக்குக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டுப் பனி தள்ளும் சவளை எடுத்துக்கொண்டு றைவ்வேயைத் துப்புரவாக்கப் போனார். நானும் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு பின்னால் போனேன்.